அக்கா வாழைக்கு ஒரு சிப்பி வேலி

ஆத்தூர்
12-11-1975

மருமகள் பேச்சித்தாய்க்கு மாமா வெள்ளத்துரை ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது.

வாழையடியில் பெருச்சாளி வளை தோண்டுகிறது என்று நீ போட்ட கார்டு கிடைத்தது. இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பங்குனி மாதம் உன் தூத்துக்குடி வீட்டுப் புறவாசலில் கன்றை நட்டுவிட்டு நிமிர்ந்தபோதே, "ஏளா பேச்சி, ஐப்பசி மழையில பெருச்சாளி வரும், பாத்துக்கோ" என்றேன். உன் காதில் விழுந்திருக்காது. உன் வீட்டுக்காரர் தளவாய் சிரித்த சிரிப்பில் அமுங்கிப் போயிருக்கும். யுத்தம் முடிந்த வருஷம் ஆத்தூர் கொடிக்காலில் ஒரே நாளில் நாற்பத்தொரு பெருச்சாளி பிடித்தேன் என்று சொன்னதற்கு, "நாப்பத்தொண்ணும் வரிசையில நின்னு கும்பிட்டுச்சா மாமா?" என்று கேட்டாரே, அந்தச் சிரிப்பு.

அன்றைக்கு நான் சொன்ன சொல் மாறவில்லை. அந்தக் கன்று குலை தள்ளுகிற அன்றைக்குத்தான் உங்கள் வாசப்படி மிதிப்பேன். ஆகையால் வாழையைப் பெருச்சாளி கொண்டுபோனால் என்னையும் கொண்டுபோன மாதிரி. அதிலும் அது சாமானியக் கன்றா? உன் அம்மா, என் உடன்பிறந்த அக்கா, தன் கையால் வைத்த கதலியின் பக்கக்கன்று. மண்வெட்டி படுவதற்கு முன்பே அது தானாக ஆடியது. "என்னை என் மகள்கிட்ட கொண்டு போ" என்று சொன்ன மாதிரி இருந்தது. நான் கண்ணால் கண்டவன்.

மூன்று மாதம் என்று எழுதியிருந்தாய். வாசித்து இரண்டு தடவை தெருவுக்கு வந்து நின்றேன், யாரிடமாவது சொல்ல. வயிற்றுப்பிள்ளைக்காரி வீட்டில் உயிரைக் கொல்லக் கூடாது, விஷ உருண்டை வேண்டாம் என்று நீ சொல்வது சரி. கொல்லாமல் பிடிப்பதில்தான் நான் பேர் வாங்கினவன். வெற்றிலைக் கட்டோடு வருகிற மாசானத்திடம் கூண்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே நெத்திலிக் கருவாடு கட்டு. காலையில் உள்ளே உட்கார்ந்திருக்கும். சாக்கில் போட்டுத் தூரமாக விட்டுவிடச் சொல்.

இப்படிக்கு,
வெள்ளத்துரை

*

தூத்துக்குடி
21-11-1975

அன்புள்ள மாமாவுக்குப் பேச்சி எழுதியது. நான் சுகம். காலையில் மட்டும் வாந்தி.

கூண்டு வந்தது. நீங்கள் சொன்னபடியே கருவாடு கட்டினேன். காலையில் உள்ளே உட்கார்ந்திருந்தது, வீட்டுச் சொந்தக்காரர் ஜேசுபாதம் அண்ணாச்சியின் பூனை. அண்ணாச்சி முன்வீட்டில்தான் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பூனையை விடுவிக்கிறேன் என்று கையை உள்ளே விட்டார். பூனை வெளியே ஓடிவிட்டது, கதவு அவர் விரல்மேல் விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், துறைமுகத்துக் கிரேன் ஓடாமல் நிற்குமே என்கிற கவலைகூட இல்லாமல் சுவரில் சாய்ந்து சிரிக்கிறார். "ஏளா, உங்க மாமா புடிச்ச நாப்பத்தொண்ணுல பூனை எத்தனை, அண்ணாச்சி எத்தனை?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்த அண்ணாச்சி புறவாசலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வாழையடியில் ஆரம்பித்த வளை சுவருக்கு அடியில் போகிறது. "இந்தா பாரு தாயி, ஒன் வாழைக்காகத்தான் அது வருது. செவரு எறங்கிச்சுன்னா ஒனக்கும் வீடு கெடையாது, எனக்கும் கெடையாது. புது வருசம் பொறக்கட்டும். வாழையத் தோண்டிட்டு சிமெண்டு போட்டுருவோம்" என்றார். கெட்டவர் இல்லை. சொன்னால் செய்துவிடுவார்.

இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. வேறு வழி சொல்லுங்கள்.

பேச்சித்தாய்

*

ஆத்தூர்
27-11-1975

மருமகளுக்கு ஆசீர்வாதம்.

கூண்டு பலிக்காது என்று எனக்கு முன்பே தெரியும். உனக்குக் கை பழகட்டும் என்றுதான் அனுப்பினேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆறாம் வகுப்புக்குப் போகாததற்குக் காரணம், அங்கே இருந்த வாத்தியாரிடம் எனக்குச் சொல்லித்தரச் சரக்கு இல்லை. ஆகவே எதையும் படிப்படியாகத்தான் சொல்லுவேன்.

இரண்டாம் படி மூட்டம். காய்ந்த வேப்பிலை ஒரு கூடை, அதன்மேல் மிளகாய் வத்தல் இரண்டு கை. கண்ணுக்குத் தெரிகிற வளை வாயையெல்லாம் களிமண்ணால் அடைத்துவிட்டு, ஒரே ஒரு வாயில் சட்டியை வைத்து விசிறியால் வீசு. நீ பக்கத்தில் நிற்காதே, பிள்ளைக்காரிக்குப் புகை ஆகாது. மாப்பிள்ளை வீசட்டும். நான் இந்த மூட்டம் போட்டபோது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பெருச்சாளிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள். சொன்னவர்கள் இப்போது உயிரோடு இல்லை. ஆனால் சொன்னார்கள்.

அண்ணாச்சியிடம் நான் விசாரித்ததாகச் சொல். விரலுக்கு விளக்கெண்ணெய் தடவட்டும்.

வெள்ளத்துரை

*

தூத்துக்குடி
5-12-1975

மாமாவுக்கு,

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை சாயங்காலம் இவர் மூட்டம் போட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வாயிலும் புகை வரவில்லை. "உள்ளயே சுத்துது, நல்லா வேலை செய்யுது" என்று இன்னும் வேகமாக வீசினார். வளையின் மறுவாய் அண்ணாச்சி வீட்டு அடுப்பங்கரையில் இருந்திருக்கிறது. அங்கே ஜெபக்கூட்டம். அண்ணாச்சியின் வீட்டம்மா ஜீவமணி அக்கா முழங்காலில் நின்று எல்லாருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்தார்களாம். எங்களுக்காகவும்தான். அந்நேரம் தரைக்கு அடியிலிருந்து வத்தல் புகை ஏறியிருக்கிறது. ஆமென் சொல்ல ஒருவர் தொண்டையிலும் சத்தம் இல்லை. பிறகு அந்தப் பெருச்சாளியே எழும்பி, பாய்களின் நடுவே ஓடி, வாசல் வழியாக வெளியே போய்விட்டது.

மறுநாள் திரும்பி வந்துவிட்டது. வந்த கோபத்தில் கிழங்கை ஒரு பக்கம் கடித்துவிட்டது. வாழை சாய்ந்து நிற்கிறது. இவர் ஒரு மூங்கிலை முட்டுக் கொடுத்திருக்கிறார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமா, அம்மா போனபோது நான் வேம்பாரில் இருந்தேன். மழையில் பஸ் நின்று, நான் ஆத்தூர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா சேலைகளைத் தானம் கொடுத்தாகிவிட்டது. வீட்டைப் பூட்டியாகிவிட்டது. அவள் கை பட்டது என்று என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். காலையில் வாந்தியெடுத்துவிட்டு அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரே ஒரு தடவை, கதை இல்லாமல், உங்களுக்கு உண்மையாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

பேச்சி

*

ஆத்தூர்
12-12-1975
(தபால் அட்டை)

பேச்சிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆயிற்று.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெருச்சாளி மூக்கை முன்னே விட்டு, முன்னங்காலால் மண்ணைத் தள்ளும். மூக்கு நோகும் இடத்தில் தோண்டாது. எங்கள் பக்கம் வாழையைச் சுற்றிக் குழி வெட்டி உடைமரத்து முள்ளைப் புதைப்பார்கள். அது களிமண்ணில் நிற்கும். உங்கள் மணலில் ஒரு மழைக்கு மக்கிவிடும். மக்காத முள் உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி போடாதே, உன் காலில் ஏறும். கடித்த இடத்தில் சாம்பல் வைத்து மண் அணை.

வெள்ளத்துரை

*

தூத்துக்குடி
30-12-1975

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அட்டையை இவர்தான் முதலில் வாசித்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "மாமா தன்னப் பத்தி ஒரு வரிகூட எழுதலியே. ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?" என்று கேட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வருகிறபோது சைக்கிள் காரியரில் ஒரு சாக்கு. சுண்ணாம்புக் காளவாசலில் சுடுவதற்குக் குவித்து வைத்திருக்கிற சிப்பி ஓடு. முத்துச்சிப்பி, மட்டி, உடைந்த சங்கு எல்லாம் கலந்து கிடந்தது. "மக்காத முள்ளுன்னு கேட்டாருல்லா ஒங்க மாமா. இதவிட என்ன வேணும்?" என்றார். ஆறு நாள் ஆறு சாக்கு கொண்டுவந்தார். வாழையிலிருந்து இரண்டு முழம் தள்ளி, சுற்றிலும் முழங்கால் ஆழத்துக்கு வெட்டினோம். நான் உட்கார்ந்தபடியே ஓடுகளைச் சுத்தியலால் முள் மாதிரி உடைத்துக் கொடுத்தேன், இவர் குழியில் நிரப்பினார். ஜேசுபாதம் அண்ணாச்சி முதல் இரண்டு நாள் தள்ளி நின்று பார்த்தார். மூன்றாம் நாள், "கடப்பாரைய இப்படியா புடிப்பாவ? கொண்டா இங்கன" என்று வாங்கிக்கொண்டார். சுவர் ஓரத்துக்கும் சேர்த்து வெட்டிவிட்டார்.

மாமா, அது வந்தது. காலையில் பார்த்தால் சிப்பி வரை தோண்டிய தடம், திரும்பிப் போன தடம். அடுத்த நாள் வேறு பக்கம் அதே போல. மூன்றாம் நாளிலிருந்து தடமே இல்லை. அண்ணாச்சி பொங்கல் வரை பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.

ஆனால் இப்போது இலை ஓரமெல்லாம் தீயில் காட்டியது போலக் கருகுகிறது. குருத்து விரியவில்லை. கிழங்கு செத்துவிட்டதா? சீக்கிரம் எழுதுங்கள். கதை இருந்தாலும் பரவாயில்லை.

பேச்சி

*

ஆத்தூர்
3-1-1976

மருமகள் பேச்சித்தாய்க்கு ஆயிரம் ஆசீர்வாதம்.

சிப்பி! நான் அட்டையில் அதைத்தானே எழுதினேன்? பெயரை மட்டும் எழுதவில்லை. மாப்பிள்ளைக்கும் கண்டுபிடித்த சந்தோஷம் கிடைக்கட்டும் என்று ஒரு வார்த்தையை விட்டுவைத்தேன். இங்கே பஜாரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நாளைக்கே தாமிரபரணிக் கரை முழுக்கச் சிப்பி வேலி வந்துவிடும்.

இனி மேற்கொண்டு கவனமாக வாசி. சிப்பியைக் கழுவிப் போட்டீர்களா? போட்டிருக்க மாட்டீர்கள். கடலிலிருந்து வந்த ஓட்டில் உப்பு இருக்காதா? ஈரம் பட்டு அந்த உப்பு இறங்கி வேரைச் சுடுகிறது. கிழங்கு சாகவில்லை. செத்திருந்தால் ஓரம் கருகாது, குருத்து அழுகி நாறும். மோந்து பார். சிப்பி ஓடுகளை எல்லாம் வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசித் திரும்பப் போடுங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, அதுவே கடலுக்குத் தம்பி. குழாய்த் தண்ணீர்தான். வாழையடிக்கும் பத்து நாள் குழாய்த் தண்ணீரே ஊற்று, உப்பு கீழே போகட்டும். அதற்குப் பிறகு சாணி வை.

நீ குடம் தூக்காதே. நான் சொன்னதாக மாப்பிள்ளையிடம் சொல்.

இதைத் தபால் வண்டிக்குக் கொடுக்க நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நாய்கள் ஒதுங்கி நின்றன.

வெள்ளத்துரை

*

தூத்துக்குடி
16-2-1976

என் மாமாவுக்கு,

எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. குலை தள்ளிவிட்டது மாமா!

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தேன். ஊதாப் பூ ஒரு முழம் தலையை நீட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறது. இவரை எழுப்பினேன். ஜீவமணி அக்காவைக் கூப்பிட்டேன். தெருவே வந்து பார்த்துவிட்டது.

நீங்கள் சொன்னபடி எல்லாம் அலசினோம். குழாய்த் தண்ணீர் எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு குடம்தான். போதவில்லை. ஜீவமணி அக்கா கேட்காமலே தங்கள் பங்கில் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள், பத்து நாளும். அண்ணாச்சி அந்த நாளில் குளிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பொங்கலுக்கு மறுநாள் புதுக்குருத்து சுருள் விரிந்தது. அண்ணாச்சி வந்து நின்று பார்த்தார். சிமெண்டுப் பேச்சை எடுப்பாரோ என்று நான் வாழையை மறைத்துக்கொண்டு நின்றேன். "தாயி, பக்கத்துல கன்னு வெடிச்சா எனக்கு ஒண்ணு வேணும். சிப்பிய நானே கழுவிக்கிடுதேன்" என்றார்.

இவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறார்: "மாமாவப் புளுகர்னு இனி எவன் சொன்னாலும் நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். அவரு குடுத்த கன்னு, அவரு சொன்ன வழி, அவரு சொன்ன தண்ணி. வாசப்படியில நின்னு நானே கூப்பிடுதேன்." இதை எழுதும்போது பக்கத்திலேயே நிற்கிறார், ஒரு எழுத்தும் விடக் கூடாதாம்.

மார்ச் நாலாம் தேதி வியாழக்கிழமை எனக்கு வளைகாப்பு. தாய்மாமன் வளையல் நீங்கள்தான் போட வேண்டும். ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். மணையைக் கூடத்தில் போடாமல் புறவாசலில், அந்த வாழையடியில் போடப்போகிறேன். மற்றப் பெண்களுக்கு முதல் வளையல் போடும்போது அம்மா பக்கத்தில் நிற்பாள். எனக்கு அவள் கையால் வைத்தது நிற்கட்டும். அது என்னிடம் வந்து சேர்ந்தது உங்களால். இதற்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்?

கட்டாயம் வாருங்கள்.

பேச்சித்தாய்

*

ஆத்தூர்
24-2-1976

மருமகள் பேச்சித்தாய்க்கு மாமா எழுதிக்கொண்டது.

மாசி பிறந்ததும் குலை தள்ளும் என்று நான் முன்பே சொன்னேன். இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை அக்கா படத்துக்கு முன்னால் வைத்து வாசித்தேன். வளையல் வாங்கிவிட்டேன், பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன். வேட்டியும் வெளுத்து வந்துவிட்டது. மாப்பிள்ளை சொன்னதை நாலு பேருக்கு வாசித்துக் காட்டலாம் என்று பஜாருக்குப் போய், வாசிக்காமலே திரும்பி வந்தேன். இந்தக் கடிதத்தை முப்பது தடவை எழுதிக் கிழித்தேன். சரி, மூன்று தடவை.

நீ மணையில் உட்காருவதற்கு முன்னால் இது உனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா போனது முந்தின வருஷம் ஐப்பசி. கார்த்திகை மழையில் பெருச்சாளி அவள் வாழைத் தூருக்கு வந்தது. பக்கத்துத் தோட்டத்து முத்துக்கனி என்னைத் தேடிப் பஜாருக்கே வந்தாள். "அண்ணாச்சி, அக்கா வாழை சாயுது, வந்து பாருங்க" என்றாள். நான் அந்த நாற்பத்தொரு பெருச்சாளிக் கதையில் இருபதாவதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "எங்குரலு கேட்டாலே ஓடிரும்ளா, நீ போ" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் போனேன். ஐந்து மரமும் மண்ணில் கிடந்தது. கிழங்கில் ஒரு கண் மிச்சமில்லை. பெரியவர்களிடம் கேட்டு, உடைமுள் வெட்டி வந்து புதைத்தேன், வெறும் குழியைச் சுற்றி. உனக்கு அட்டையில் எழுதினது அப்படிக் கற்றதுதான்.

பங்குனியில் நீ, அம்மா வாழையிலிருந்து ஒரு கன்று வேண்டும் என்று எழுதினாய். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. முத்துக்கனி தோட்டத்துக் கதலியில் ஒரு கன்று கேட்டு வாங்கினேன். அவள் ஒன்றும் கேட்காமல் கொடுத்தாள். அதைத்தான் கொண்டுவந்து உன் கையில் தந்தேன். மாப்பிள்ளை நாற்பத்தொன்றைப் பார்த்துத்தான் சிரித்தார். கன்றை நம்பிவிட்டார், நீயும் நம்பி அழுதாய். அதைத் தாங்க முடியாமல்தான் வாசப்படி மேல் கோபத்தைக் காட்டிவிட்டு ஓடிவந்தேன்.

அக்கா வைத்ததை நான் காக்கவில்லை. யாரோ வைத்ததை அக்கா பெயரால் நீ காத்துவிட்டாய். மாப்பிள்ளை ஆறு சாக்கு சுமந்தார், அண்ணாச்சி குளிக்காமல் இருந்தார், ஜீவமணி அம்மா குடம் தூக்கினார்கள். நான் பார்த்தே இராத அந்த இருவருக்கும் என் நமஸ்காரம் சொல். உனக்கு என்ன சொல்வது? அக்கா இருந்திருந்தால் உன் கையைத்தான் பிடித்துப் பார்த்திருப்பாள், வாழையை அல்ல. மணையை எங்கே போடுவது என்பது இனி உன் இஷ்டம்.

நாலாம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். வாசப்படிக்குக் கீழே நிற்பேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டிய பிறகும் அவர் கூப்பிட்டால் ஏறுவேன். கூப்பிடாவிட்டால் வளையலை உன் கையில் நீட்டிவிட்டுத் திரும்புவேன்.

ஏறினால், போகும்போது எனக்கு ஒன்று தர வேண்டும். அண்ணாச்சிக்குக் கொடுத்தது போக அடுத்த பக்கக்கன்று. அக்கா வீட்டுக் குழி இன்னும் அப்படியே கிடக்கிறது. கூட ஒரு சாக்குச் சிப்பி. கழுவினதாக இருக்கட்டும்.

அம்மா கையால் வைத்த வாழை என்று சொன்னேனே, அந்த ஒன்று மட்டும் நான் இட்டுக்கட்டிச் சொன்னது. நாற்பத்தொன்று சத்தியம்.

வெள்ளத்துரை